ஒளியை ஆளும் சிறு பற்றரி: கம்பியில்லாக் கருவிகளின் நம்பகத்தன்மை எதில் தங்கியுள்ளது?

புகைப்படக் கலைக்கு ஒளியே மூலப்பொருள். இயற்கை ஒளி போதாத இடத்தில் செயற்கை ஒளியை உண்டாக்குவதும், அதனை உரிய கணத்தில் உரிய அளவில் பாய்ச்சுவதும் புகைப்படப் பிடிப்பாளரின் தொழில்நுட்பத் திறனாகும். கலையகங்களில் நிறுத்தப்படும் பிளாஷ் விளக்குகள் நெடுங்காலமாகக் கமராவுடன் கம்பி மூலமே இணைக்கப்பட்டிருந்தன. நடமாடுவோரின் காலில் அக்கம்பி சிக்குவதும், விளக்குத் தாங்கி சரிவதும், இணைப்பு முனை தளர்வதும் அன்றாட நிகழ்வுகளாக இருந்தன. இன்று அக்கம்பியின் இடத்தை வானொலி அலை பிடித்துவிட்டது. கமராவின் மேற்புறத்தில் பொருத்தப்படும் சிறு செலுத்தியொன்று, பொத்தான் அழுத்தப்பட்டதும் சமிக்ஞையை அனுப்புகிறது. விளக்குடன் இணைந்த வாங்கி அதனைப் பெற்று விளக்கை ஒளிரச் செய்கிறது. தொழிலில் உள்ளோர் இக்கருவிகளை 'ட்ரிகர்' என்றே அழைக்கின்றனர்.

கம்பி ஒழிந்தது, ஆனால், கம்பிக்குத் தேவைப்படாத ஒன்று அதன் இடத்தில் வந்து சேர்ந்தது. அதுவே பற்றரி. செலுத்திக்கு ஒன்று, ஒவ்வொரு வாங்கிக்கும் ஒன்று எனப் பற்றரிகளின் எண்ணிக்கை பெருகப் பெருக, பிழை நேரக்கூடிய இடங்களும் பெருகுகின்றன. பல்லாயிரம் ரூபா பெறுமதியான விளக்குகளும் கமராக்களும், கடையில் மிகக் குறைந்த விலைக்கு வாங்கப்படும் ஒரு பொருளை நம்பி நிற்கின்றன.

தாலி கட்டும் சுபமுகூர்த்தமாயினும், நிக்காஹ் வைபவத்தில் மணமகனின் கரத்தைப் பற்றி ஒப்புதல் கூறப்படும் கணமாயினும் அது ஒருமுறையே நிகழ்வது. விளக்கு ஒளிரவில்லை என்பதற்காக அதனை மீண்டும் நிகழ்த்துமாறு எவரும் கேட்க முடியாது. இரு விளக்குகளில் ஒன்று மட்டும் தவறும்போது நிலைமை இன்னும் சிக்கலானது. படம் முற்றாக இருண்டிருந்தால் உடனே தெரியவரும். ஒரு பக்கம் மட்டும் நிழல் படிந்திருந்தால், பரபரப்பில் அது கண்ணிற் படாமல், பின்னர் கணினித் திரையிலேயே வெளிப்படும். சிறு முதலீட்டில் தொழில் நடத்தும் ஒருவருக்கு இத்தகைய ஒரு தவறு, பல ஆண்டுகளாகச் சேர்த்த நற்பெயரைக் குலைக்கப் போதுமானது. எனவே, பற்றரித் தெரிவை அறிவுபூர்வமாக அணுகுவது அவசியமாகும்.

உறங்கும் கருவி, விழிக்கும் கருவி

கம்பியில்லா ட்ரிகர் ஒன்று சராசரியாக மிகக் குறைந்த மின்னோட்டத்தையே நுகர்கிறது. ஆயின், அந்த நுகர்வு சீரானதன்று. பெரும்பாலான நேரம் செலுத்தி உறக்க நிலையில் இருக்கிறது. சமிக்ஞை அனுப்பும் கணத்தில் மட்டும் சடுதியாகப் பன்மடங்கு மின்னோட்டத்தைக் கேட்கிறது. வாங்கியின் நிலை வேறு. சமிக்ஞை எப்போது வரும் என்பதை அது அறியாது. ஆகையால் இடையறாது செவிமடுத்துக் கொண்டிருக்க வேண்டியுள்ளது. ஒரு நாள் முழுவதும் நடைபெறும் வைபவத்தில், செலுத்தியை விட வாங்கியின் பற்றரி முந்தித் தீர்ந்துபோவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

கமராவின் திரை, பிளாஷ் ஒளிக்கு முழுமையாகத் திறந்திருப்பது பொதுவாக ஒரு வினாடியின் 200 இல் ஒரு பங்கு அளவான காலமே. சமிக்ஞை புறப்பட்டு, வாங்கியை அடைந்து, விளக்கு ஒளிர்வது அனைத்தும் அதற்குள் நிறைவேற வேண்டும். அக்கணத்தில் மின் வழங்கல் தளர்ந்தால், மீண்டும் முயல்வதற்கு அவகாசம் இல்லை. சுவர்க்கடிகாரத்தின் பற்றரி தளர்ந்தால் கடிகாரம் சற்றுப் பின்தங்கும். ட்ரிகரின் பற்றரி தளர்ந்தால் படமே இல்லாமற் போகும்.

தீர்ந்துவிட்டதா, தர இயலவில்லையா?

பற்றரி 'தீர்ந்துவிட்டது' என நாம் சாதாரணமாகக் கூறுகிறோம். உண்மையில், பல வேளைகளில் அதனுள் சக்தி எஞ்சியிருக்கும். அதனை வேகமாக வெளிக்கொடுக்கும் ஆற்றலே குன்றியிருக்கும். இதற்குக் காரணம் பற்றரியின் அகத்தடை ஆகும். பாடசாலையில் கற்ற ஓமின் விதியே இங்கும் செயற்படுகிறது. மின்னோட்டம் பாயும்போது, அகத்தடையினால் வோல்ற்றளவின் ஒரு பகுதி பற்றரிக்குள்ளேயே இழக்கப்படுகிறது.

உதாரணமாக, புதிய அல்கலைன் கலம் ஒன்றின் அகத்தடை 0.2 ஓம் அளவில் இருக்கும். இரு கலங்களிலிருந்து 100 மில்லிஅம்பியர் மின்னோட்டம் பெறப்படும்போது ஏற்படும் இழப்பு 0.04 வோல்ற் மாத்திரமே. பழுதடைந்த நிலையில் ஒவ்வொரு கலத்தின் அகத்தடையும் 2 ஓம் ஆக உயர்ந்திருந்தால், அதே மின்னோட்டத்தின்போது 0.4 வோல்ற் இழக்கப்படும். ஓய்வில் 2.4 வோல்ற் காட்டிய சோடி, செயற்படும் கணத்தில் 2.0 வோல்ற்றையே வழங்கும். கருவியின் தாழ்ந்த எல்லை 2.2 வோல்ற்றாயின், விளக்கு ஒளிராது. மறுகணம் அளந்து பார்த்தால் வோல்ற்றளவு பழைய நிலைக்கு மீண்டிருக்கும். 'பற்றரி சரியாகத்தானே இருக்கிறது' என்ற குழப்பம் இங்கிருந்தே பிறக்கிறது.

தீர்ந்த டோர்ச் பற்றரியை வெயிலில் காயவைத்து மீண்டும் பயன்படுத்திய அனுபவம் எம்மவருக்குப் புதிதன்று. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், பற்றரி கிடைப்பதே அரிதாகிப் போன வடபகுதியில் பழைய பற்றரியின் கடைசித் துளி சக்தியும் வீணாக்கப்படவில்லை. வெப்பம் ஏறும்போது உள்ளிருக்கும் இரசாயனத் தாக்கம் விரைவடைந்து, அகத்தடை தற்காலிகமாகக் குறைகிறது. அதனாலேயே அந்தப் பற்றரி இன்னும் சிறிது நேரம் உழைத்தது. வானொலி கேட்பதற்கு அவ்வளவு போதுமானதாக இருந்தது. பிழையின்றிச் செயற்பட வேண்டிய கருவிக்கு அது போதாது.

எந்தக் கருவிக்கு எந்தப் பற்றரி?

கடைகளில் 'பென்டோர்ச் பற்றரி' எனக் கேட்டு வாங்கப்படும் ஏஏ அளவுக் கலங்களே இன்றைய ட்ரிகர்கள் பலவற்றில் பயன்படுகின்றன. கொடொக்ஸ் எக்ஸ்2ரி போன்ற பரவலான செலுத்திகள் 2 ஏஏ கலங்களில் இயங்குகின்றன. அளவு ஒன்றாயினும் இக்கலங்களின் இயல்பு ஒன்றல்ல.

மலிவான நாகம் - காபன் கலங்களின் கொள்ளளவு குறைவு. அகத்தடை விரைவில் உயரும். இத்தொழிலுக்கு அவை ஏற்றவையல்ல. 1950களின் இறுதியில் சந்தைக்கு வந்த அல்கலைன் கலம் 1.5 வோல்ற் உடையது; எங்கும் கிடைப்பது; பெரும்பாலான ட்ரிகர்கள் அதனைக் கருத்திற்கொண்டே வடிவமைக்கப்பட்டுள்ளன. பயன்படுத்தப் பயன்படுத்த அதன் வோல்ற்றளவு படிப்படியாகக் குறைவதால், தளர்வை முன்கூட்டியே அறிய முடியும். இது அதன் சிறப்பு. கசிவு இதன் பெருங்குறை.

மீள்மின்னேற்றக்கூடிய நிக்கல் உலோக ஐதரைட்டுக் கலத்தின் வோல்ற்றளவு 1.2 மாத்திரமே. இதனைக் கண்டு அது வலுக் குறைந்தது எனப் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. அதன் அகத்தடை மிகக் குறைவு என்பதால், பெரும் மின்னோட்டத்தின்போது அல்கலைனை விட உறுதியாக நிற்கும். பிளாஷ் விளக்குக்குள்ளே இடப்படும் கலங்களாக இவையே மிகப் பொருத்தமானவை. விளக்கு அடுத்த ஒளிர்வுக்கு விரைவாகத் தயாராகும். முன்னைய காலக் கலங்கள் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலே ஒரு மாதத்தில் ஏறத்தாழ 20 முதல் 30 சதவீதம் வரையான மின்னேற்றத்தை இழந்தன. 2005ஆம் ஆண்டு சான்யோ நிறுவனம் 'எனிலூப்' என்ற பெயரில் அறிமுகப்படுத்திய வகை இக்குறையைப் பெருமளவு நீக்கியது. ஓராண்டின் பின்னரும் 85 சதவீத மின்னேற்றம் எஞ்சியிருக்கும் என அந்நிறுவனம் அப்போது அறிவித்தது. இன்று வேறு நிறுவனங்களும் இவ்வகைக் கலங்களைத் தயாரிக்கின்றன. ட்ரிகர் ஒன்று 1.2 வோல்ற் கலங்களை ஏற்குமா என்பதை அதன் கைநூலில் பார்த்துக்கொள்வது நன்று.

மீள்மின்னேற்ற முடியாத லித்தியம் ஏஏ கலம் நிறை குறைந்தது, நெடுங்காலம் கெடாதது, கசிவும் மிகக் குறைவு. புதிய நிலையில் அதன் வோல்ற்றளவு சுமைக்கு உட்படாதபோது 1.8 வரை இருக்கும் என்பதால், கைநூல் அனுமதிக்கும் கருவிகளில் மட்டுமே இட வேண்டும். விலை அதிகமாயினும், பையில் வைத்திருக்கும் அவசர உதவிச் சோடியாக இதற்கு நிகர் இல்லை.

இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று, அதே உருவளவில் கிடைக்கும் 14500 என்ற லித்தியம் - அயன் கலம். அதன் வோல்ற்றளவு 3.7, முழு மின்னேற்றத்தில் 4.2. இரண்டை இட்டால், 3 வோல்ற்றை எதிர்பார்க்கும் கருவிக்கு 8.4 வோல்ற் செல்லும். கருவி அந்தக் கணமே எரிந்துபோகலாம். அண்மைக் காலத்தில் பிரபலமடைந்துள்ள, யூஎஸ்பி மூலம் மின்னேற்றும் 1.5 வோல்ற் ஏஏ கலங்கள் வேறு வகையின. அவற்றின் உள்ளேயும் லித்தியம் - அயன் கலமே இருக்கிறது. சிறு மாற்றுச் சுற்றொன்று வோல்ற்றளவை 1.5 ஆகக் குறைத்துத் தருகிறது. இச்சுற்று மின் இரைச்சலை உண்டாக்கக் கூடியது என்பதால், வானொலிக் கருவியில் தூர எல்லை குறைகிறதா என்பதை முன்கூட்டியே சோதிக்க வேண்டும். மேலும், தீரும் தறுவாயில் அவை எச்சரிக்கையின்றி ஒரேயடியாக நின்றுவிடும்.

பழைய ட்ரிகர்கள் பல சிறு பற்றரிகளை நம்பியவை. 12 வோல்ற் கொண்ட 23ஏ பற்றரி, 8 சிறு பொத்தான் கலங்களை அடுக்கி ஆக்கப்பட்டது. அதன் கொள்ளளவு 50 மில்லிஅம்பியர் மணியை ஒட்டியது மாத்திரமே. நல்ல ஏஏ கலமொன்றின் கொள்ளளவோ 2,000ஐத் தாண்டும். யொங்னுவோ ஆர்எஃப்-602 செலுத்தி சிஆர்2 பற்றரியையும், எலின்குரோம் ஸ்கைபோர்ட்டின் ஆரம்பச் செலுத்தி சிஆர்2430 என்ற நாணய வடிவப் பற்றரியையும் பயன்படுத்தின. நாணய வடிவப் பற்றரிகளின் அகத்தடை இயல்பிலேயே உயர்ந்தது என்பதால், சடுதியான மின்னோட்டத்தின்போது தளர்வு விரைவிலேயே தலைகாட்டும். சிறுவர் உள்ள இடங்களில் இவற்றைக் கவனமின்றி வைப்பது பேராபத்து. விழுங்கப்பட்ட நாணயப் பற்றரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணித்தியாலத்துக்குள்ளேயே கடும் புண்ணை உண்டாக்கக் கூடியது.

2019இல் வெளிவந்த புரொபோட்டோ கனெக்ட், 2024இல் வெளிவந்த கொடொக்ஸ் எக்ஸ்3 போன்றவை உள்ளேயே பதிக்கப்பட்ட லித்தியம் பற்றரியைக் கொண்டவை. பற்றரி வாங்கும் செலவு இல்லை. ஆனால், இடைநடுவே தீர்ந்தால் புதியதை மாற்றியிட முடியாது. பதிக்கப்பட்ட பற்றரி முதுமையடையும்போது கருவியின் ஆயுளும் அதனுடன் குறுகுகிறது.

மட்டங்காட்டியை எவ்வளவு நம்பலாம்?

பல கருவிகளின் பற்றரி மட்டங்காட்டி, அல்கலைன் கலத்தின் படிப்படியான இறக்கத்தை அடிப்படையாகக் கொண்டது. நிக்கல் கலத்தை இட்டால், முழு மின்னேற்றத்திலும் அது பாதியளவையே காட்டக்கூடும். பின்னர் நெடுநேரம் அதே நிலையில் நின்று, இறுதியில் சடுதியாக வீழும். லித்தியம் கலத்தை இட்டால், தீரும் வரை 'நிறைவு' என்றே காட்டும்.

மானியைக் கொண்டு சும்மா அளப்பதும் போதாது. 10 ஓம் தடையொன்றைக் கலத்துடன் இணைத்த நிலையில் சில வினாடிகள் அளந்து பார்ப்பதே முறையான சோதனை. அப்போது 1.5 வோல்ற் அல்கலைன் கலம் 1.2 வோல்ற்றுக்குக் கீழே இறங்குமாயின், அதனை முக்கிய பணிகளிலிருந்து ஓய்வு பெறச் செய்து, வீட்டுச் சுவர்க்கடிகாரத்துக்கு அனுப்பிவிடலாம்.

பொதியில் அச்சிடப்பட்ட எண்களையும் அப்படியே நம்புவதற்கில்லை. ஏஏ அளவு நிக்கல் கலத்தில் 3,500 மில்லிஅம்பியர் மணி என அச்சிடப்பட்டிருந்தால், அது நம்பத்தக்கதன்று. யூஎஸ்பி வகைக் கலங்களில் காணப்படும் 3,000 என்ற எண் பெரும்பாலும் மில்லிவாற் மணியைக் குறிப்பது, 1.5ஆல் வகுத்தால் அது 2,000 மில்லிஅம்பியர் மணியே ஆகும்.

கசிவும் காலநிலையும்

அல்கலைன் கலத்தினுள் இருப்பது பொற்றாசியம் ஐதரொட்சைட்டு என்ற வன்காரம். தீர்ந்த கலத்தினுள் ஐதரசன் வாயு சேர்ந்து அமுக்கம் உயரும்போது, மூடி நெகிழ்ந்து காரம் வெளியேறுகிறது. காற்றுடன் சேர்ந்து அது வெண்படிவாக மாறி, உலோக முனைகளை அரிக்கிறது. வெப்பம் மிகுந்த எமது காலநிலையில், குறிப்பாக வெயிலில் நிறுத்தப்பட்ட வாகனத்தினுள், இது விரைவாக நிகழக்கூடும். கரையோரப் பகுதிகளின் உப்புக் காற்றும் முனைகளுக்குப் பகையே. முனையில் படிந்த மெல்லிய படலமும் ஒரு தடையாகச் செயற்பட்டு, புதிய பற்றரியையும் பழையதைப் போல் நடந்துகொள்ளச் செய்யும்.

வேலை முடிந்ததும் கலங்களை வெளியே எடுத்துவிடுவதே இதற்கான எளிய காப்பு. படிவு காணப்பட்டால், வினாகிரி அல்லது தேசிக்காய்ச் சாற்றில் தோய்த்த பஞ்சினால் மெல்லத் துடைத்து, பின்னர் உலர்த்த வேண்டும். கைகளுக்கும் கண்களுக்கும் பாதுகாப்பு அவசியம்.

மின்வெட்டு கற்பித்த பாடம்

மீள்மின்னேற்றும் கலமே சிக்கனமானது என்பதில் ஐயமில்லை. ஆயினும், மின்னேற்றுவதற்கு மின்சாரம் வேண்டும். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. மறுநாள் காலை வைபவத்துக்கு முதல்நாள் இரவு மின்னேற்றும் வழக்கமுடையோர் இத்தகைய நாட்களில் கையறு நிலைக்கு ஆளாவர். ஆகவே, அன்றாடப் பணிக்கு நிக்கல் கலங்கள், அவசரத்துக்குப் பொதி பிரிக்காத அல்கலைன் அல்லது லித்தியம் சோடி என்ற இரட்டை ஏற்பாடே எமது சூழலுக்குப் பொருந்தும்.

தவறு எங்கே என்று அறிவது

விளக்கு ஒளிராத ஒவ்வொரு முறையும் பற்றரியே குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கவும் கூடாது. அடுத்தடுத்து விரைவாகப் படமெடுக்கும்போது மட்டும் தவறு நேர்ந்தால், விளக்கு மீண்டும் தயாராக அவகாசம் பெறவில்லை என்பதே பொருள். குறித்த ஒரு மண்டபத்தில் மட்டும் தவறினால், 2.4 கிகாஹேட்ஸ் மீடிறனில் இயங்கும் வைஃபை முதலியவற்றின் நெரிசல் காரணமாகலாம். அலைவரிசையை மாற்றிப் பார்க்க வேண்டும். தூரம் கூடும்போது தவறினால் பற்றரியையும், இடையே நிற்கும் மனிதக் கூட்டத்தையும் கவனிக்க வேண்டும்; மனித உடல் இந்த அலைகளை உறிஞ்சக் கூடியது. சில கருவிகள் மிக அருகிலும் தவறுவதுண்டு. அதற்கெனத் தூரத் தெரிவு ஒன்று அவற்றில் தரப்பட்டிருக்கும். எனினும், முதற்படியாகச் செலுத்தி, வாங்கி இரண்டினதும் கலங்களை ஒருசேர மாற்றிப் பார்ப்பதே மிக விரைவான சோதனையாகும்.

சில ஒழுங்குகள் பழக்கமாக வேண்டும். ஒரே வகை, ஒரே வயதுடைய கலங்களையே சோடியாக இட வேண்டும். பழையதையும் புதியதையும் கலந்தால், தளர்ந்த கலம் எதிர்த்திசையில் மின்னேற்றப்பட்டுக் கசியத் தொடங்கும். சோடிகளுக்கு இலக்கமிட்டு, வாங்கிய திகதியை எழுதி வைத்தால் குழப்பம் நேராது. ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியாகக் கண்காணிக்கும் மின்னேற்றியே நல்லது. உதிரிக் கலங்களைச் சாவிக்கொத்துடனோ சில்லறை நாணயங்களுடனோ சட்டைப்பையில் இடாமல், சிறு பெட்டியில் வைக்க வேண்டும். முக்கிய கணத்துக்கு முன்னர், மட்டங்காட்டி எதைக் காட்டினாலும், கலங்களை மாற்றிவிடுவது நன்று. ஒதுக்கப்பட்ட பழைய இணைப்புக் கம்பியொன்றும் பையின் அடியில் இருக்கட்டும். அது பற்றரி கேட்பதில்லை.

கழித்த கலங்களைக் குப்பையுடன் சேர்த்து எரிப்பது எக்காரணம் கொண்டும் தகாது. லித்தியம் கலம் தீயில் வெடிக்கும். பழைய நிக்கல் - கட்மியம் கலங்களின் நச்சு உலோகம் மண்ணையும் கிணற்று நீரையும் சென்றடையும். இலத்திரனியல் கழிவுகளைச் சேகரிக்கும் இடங்களில் அவற்றை ஒப்படைப்பதே முறை.

இங்கு கூறப்பட்டவை புகைப்படத் தொழிலுக்கு மட்டும் உரியவையல்ல. வீட்டில் இரத்த அழுத்தமானியையும் குருதிச் சீனி அளக்கும் கருவியையும் வைத்திருப்போர், இரவில் டோர்ச்சை நம்பியிருப்போர் அனைவருக்கும் இவை பொருந்தும். ஒரு கருவியின் நம்பகத்தன்மை அதன் விலையுயர்ந்த பகுதியால் தீர்மானிக்கப்படுவதில்லை. அதில் மிக நலிந்த பகுதியே அதன் எல்லையை வகுக்கிறது. பற்றரியை வாங்கும்போது 'எது மலிவு' என்று கேட்பதற்கு முன்னர், 'இக்கருவி எதைக் கேட்கிறது, எப்போது கேட்கிறது' என்று வினவப் பழகிக்கொண்டால், ஏமாற்றங்களிற் பெரும்பாலானவற்றை நாம் தவிர்த்துக்கொள்ளலாம்.